டெல்பர்ட் மாமாவுக்கு வந்த அறுபத்து மூன்று வண்டிகள்

லிட்டில் ராக்கில் நெடுஞ்சாலைக் குழுவின் செயலாளர் நாற்காலியில் வீற்றிருக்கும் என் அண்ணன் மகன் கர்டிஸுக்கு, அத்தை வெர்னெல் டாகெட் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை, அதை விட்டுத்தள்ளு. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஞாயிறு தவறாமல் ஜெபிக்கிறேன். மாமாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று நீ அனுப்பிய லில்லிப் பூக்கள் வந்து சேர்ந்தன. லில்லி வாசனை பட்டாலே உன் மாமாவுக்குத் தும்மல் வரும். இனிமேல் வராது என்பதால் தலைமாட்டிலேயே வைத்தேன். ரொம்ப நன்றி.

வியாழக்கிழமை உங்கள் குழுவின் முன்னால் யெசேனியா ஒகாம்போ என்ற பெண்ணை நிறுத்தி விசாரிக்கப் போவதாக எங்கள் ஊர்ப் பேப்பரில் படித்தேன். மூன்று லாரிகளை ஒன்றோடொன்று கண்ணுக்குத் தெரியாமல் பிணைத்து, முதல் லாரியில் மட்டும் ஓர் ஆள் உட்கார, மற்ற இரண்டும் ஆளே இல்லாமல் தாமாகப் பின்னால் வருமே, அந்த முதல் லாரியில் உட்காருகிறவள்தான் இவள். உன் மாமாவின் சவ ஊர்வலத்துக்குள் லாரிகளை விட்டுக் குழப்பினாள் என்பது குற்றச்சாட்டு. உங்கள் முடிவு வந்ததும் கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுமாம். கர்டிஸ், அப்படிச் செய்துவிடாதீர்கள். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். இதை நீ குழுவில் உரக்கவே வாசிக்கலாம்.

உன் மாமாவைப் பற்றி உனக்குத் தெரியும், குழுவில் மற்றவர்களுக்குத் தெரியாதே, அதனால் சொல்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டிய மனுஷன். ஊருக்கு வெளியே லாரி, முன்னால் போகிற வண்டிக்கு இருநூறு அடி பின்னால்தான் வர வேண்டும் என்ற சட்டத்தை பைபிளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார். அதோடு நின்றாரா? மளிகைக்கடை வரிசையில் பின்னால் நிற்கிறவரைத் திரும்பிப் பார்த்து, "ஏம்பா, நான் திடீர்னு பிரேக் போட்டா நீ எங்க போய் முட்டுவே?" என்று கேட்பார். சர்ச்சில் முன்னால் ஒரு பெஞ்சு காலியாக இருந்தால்தான் உட்காருவார். ஒட்டி ஒட்டி வந்தான் என்று கூடவே லாரி ஓட்டிய ஹோமர் மேலேயே புகார் எழுதிக் கொடுத்துவிட்டார், அதோடு பதினாறு வருஷ நட்பு போயிற்று. தானியங்கி லாரிகள் மட்டும் ஐம்பது அடியில் ஒட்டிப் போகலாம் என்று உன் கையெழுத்தோடு விதி வந்த அன்றைக்கு வீட்டில் ஒரே ரகளை. "கர்டிஸ் பய வரட்டும், இருநூறு அடி தள்ளி நிக்க வச்சுதான் சோறு போடுவேன்" என்றார். நீயும் அப்புறம் வரவேயில்லை, அது வேறு விஷயம்.

இப்படி ஊரையே தள்ளி நிறுத்திய மனுஷனுக்குக் கடைசி மாதம் ஒரே கவலை. சவ ஊர்வலம் போனால் எதிரே வருகிறவன் வண்டியை ஓரங்கட்டித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எத்தனை வண்டி என்று எண்ணுவதுதானே நம் ஊர் வழக்கம். தீவனக்கடை ஆர்லிஸ் செத்தபோது நாற்பத்தொன்று வந்தது, அதைச் சொல்லிச் சொல்லியே உன் மாமா மாய்ந்தார். "எனக்கு எத்தன வரும், வெர்னெல்?" என்று கேட்பார். "நெறைய வரும், தூங்குங்க" என்பேன். "பொய் சொல்லாதடி. நாலு. சவ வண்டியையும் சேத்து" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கர்டிஸ், சர்ச்சிலிருந்து கிளம்பும்போது எண்ணிப் பார்த்தேன். சரியாக நாலு.

அப்புறம் நடந்ததற்கு யெசேனியா பொறுப்பே இல்லை. முழுப் பொறுப்பும் உன்னுடையது, அதற்காக உனக்கு ஆயிரம் நன்றி. தானியங்கி லாரி என்று தெரிவதற்கு மேலே ஊதா விளக்கு எரிய வேண்டும் என்று விதி எழுதினாயே, அந்த ஊதாவை நீ எந்தக் கடையில் பார்த்தாய்? எங்கள் பக்கத்தில் சவ ஊர்வலத்துக்குத்தானே ஊதா விளக்கு! நெடுஞ்சாலை முக்கில் ஷெரீப்பின் ஆள் லோனி, நம் நாலு வண்டிகளுக்காகப் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டிருந்தான். ஓரத்தில் மூன்று லாரிகள் ஊதா விளக்கோடு நிற்பதைப் பார்த்ததும் அவனுக்கு மனசு உருகிவிட்டது. "வாங்க, வாங்க, வரிசைய விட்டுறாதீங்க" என்று கையை வீசி வீசி உள்ளே விட்டுவிட்டான். பிறகு கேட்டதற்கு, "லாரிக்காரர் சாவுக்கு லாரி வராம வேற என்ன அத்தை வரும்?" என்றான். அவன் மேலும் தப்பில்லை.

இனி அவள் மேல் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குற்றங்களுக்கு வருகிறேன். அந்தப் பெண்ணை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை, ஆகையால் பாரபட்சம் இல்லாமல் சொல்கிறேன் என்று எழுதிக்கொள். முக்கில் காரணமே இல்லாமல் இருபது நிமிஷம் நின்றாளாம். ஒரு பெண் வண்டியை நிறுத்த ஆயிரம் காரணம் இருக்கும், உங்கள் குழுவில் எல்லாரும் ஆம்பளைகள், கூச்சமாக இருக்கும், கேட்காதீர்கள். பாதை மாறிப் பதினோரு மைல் வந்தாளாம். சவ ஊர்வலத்துக்குள் ஒரு தடவை வந்தவள் நடுவில் கழன்று போனால் நம் ஊரில் அவளை மனுஷியாக மதிப்பார்களா? மூன்றாவது, லாரிகளுக்கு நடுவில் ஐம்பது அடி இருக்க வேண்டிய இடத்தில் பதினோரு மைலும் இருநூறு அடி இருந்ததாம், ஏன் என்று கம்பெனி இஞ்சினியர்களுக்கே புரியவில்லையாம். மெஷின் விவகாரம், எனக்கு என்ன தெரியும்?

எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். அந்த இருநூறு அடி இடைவெளியில் பக்கத்துப் பாதையிலிருந்து முதலில் ஒரு கோழி லாரி வந்து செருகிக்கொண்டது. அப்புறம் ஒரு டிராக்டர். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலியாக வந்த பள்ளிக்கூட பஸ். ஓரங்கட்டித் தொப்பியைக் கழற்றி நின்றவர்களுக்குள் ஒரே பேச்சாம். "யாருப்பா செத்தது, கவர்னரா?" "டெல்பர்ட் டாகெட்டாம்." "நம்ம டெல்பர்ட்டா? அந்தாளுக்கா இவ்ளோ கூட்டம்?" "அப்ப நாம மட்டும் போகலேன்னா நல்லாருக்காதுடா, ஏறு." இப்படியே ஏறி ஏறி, கல்லறைத் தோட்டத்து வாசலில் நான் திரும்பிப் பார்த்தபோது வரிசைக்கு வால் எங்கே என்று தெரியவில்லை. கூடவே வந்திருந்த லோனி எண்ணினான். அறுபத்து மூன்று. ஆர்லிஸைவிட இருபத்திரண்டு அதிகம்! கடைசியாக வந்த பழைய வண்டியிலிருந்து ஹோமர் இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு ஒட்டித்தான் வந்தேன் வெர்னெல், அவன் சொன்னது நெசம்தான்" என்று குழந்தை மாதிரி அழுதார். யெசேனியா லாரியை விட்டிறங்கிச் சிலுவை போட்டுக்கொண்டு தூரமாக நின்றாள். நான்தான் இழுத்துக்கொண்டு போய் வறுத்த கோழியும் வாழைப்பழப் புட்டிங்கும் சாப்பிட வைத்தேன். லாரிகளில் இருந்தது நாய்த் தீனி. அது நாலு மணி நேரம் தாமதமாகப் போனதுதான் நடந்த நஷ்டம். உங்கள் ஊர் நாய்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஆகவே அவள் வேலை அவளிடமே இருக்கட்டும். உன் ஊதா விளக்கும் அப்படியே இருக்கட்டும். எனக்கு உங்கள் எல்லாரிடமும் நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை. சமாதானமாகத் தூங்குகிற ஒரு மனுஷனை நினைத்துத் தீர்ப்பு எழுதுங்கள். கர்த்தர் உன் வீட்டு வாசலைக் காக்கட்டும். பிள்ளைகளுக்கு முத்தங்கள். உன் மனைவிக்கு என் ஊறுகாய் ஜாடி இரண்டு வருகிறது.

இப்படிக்கு, உண்மையைத் தவிர வேறு எதையும் எழுதாத
உன் அத்தை வெர்னெல்

பின்குறிப்பு: இது உனக்கு மட்டும். அவளை முன்னால் பார்த்ததில்லை என்றேன் இல்லையா, பார்த்திருக்கிறேன். அன்று காலை சாப்பாட்டுக்கு ஐஸ் வாங்கப் பெட்ரோல் பங்குக்குப் போனேன். அங்கே மூன்று லாரிகளும் நின்றன. ஐஸ் மூட்டையைத் தூக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் காபியோடு வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றாள். நாலு வண்டிக் கதையைச் சொன்னேன், இருநூறு அடியையும் சொன்னேன். "எத்தன மணிக்கு?" என்றாள். பத்தரை என்றேன். "எந்த முக்கு?" என்றாள். சொன்னேன். என் ஐஸ் மூட்டையைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டு, "எங்கிட்ட மூணு இருக்கு" என்றாள்.

இதைக் கத்தரித்துவிட்டு மேலே உள்ளதை மட்டும் வாசி என்று சொல்லலாம் என்று பார்த்தால், அவளுக்காக நான் வாதாடிய பக்கத்தின் முதுகிலேயே எழுதித் தொலைத்திருக்கிறேன். கத்தரித்தால் வாதமும் போய்விடும். போகட்டும், முழுசாகவே வாசி. உங்கள் இஞ்சினியர்களுக்குப் புரியாததும் புரிந்துவிடும். கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "பின்னாடி வர்ற லாரிங்களுக்கும் அந்த இருநூறு அடியே வச்சிரட்டுமாம்மா? இல்லேன்னா அவரு கோவிச்சுக்கப் போறாரு."