பதினோராவது நிபந்தனை

அலுவலக வாசற்கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற நிரல் துண்டு, அதாவது ஃபங்ஷன், நாற்பத்தொரு புள்ளி வாங்கியிருந்தது. பள்ளிக்கூடமாக இருந்தால் தேறியிருக்கும். இதுவோ நிரலின் சிக்கலை அளக்கிற கருவி. ஒவ்வொரு 'இஃப்' நிபந்தனைக்கும் ஒரு புள்ளி, பத்தைத் தாண்டினால் சிவப்பு.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா மீட்டிங். டீம் லீடு யாருன்னு அங்கதான் சொல்லப்போறேன். அதுக்குள்ள இது பச்சையாகணும்," என்று நிரல் எழுதுகிற சுத்தக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார் மேலாளர் அம்மாள்.

சுத்தக்காரர் என்பது, சமையலறை டப்பாக்களை அகரவரிசையில் அடுக்கி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்பதால் வந்த பட்டப்பெயர். பதவி ஆசை அவருக்கு மூன்று வருடமாக இருந்தது. கரும்பு தின்னக் கூலியா என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"யாரு அக்கா இதை எழுதினது? பூனை விளையாடின நூல்கண்டு மாதிரி இருக்கு."

"போன வருஷம் வேலையை விட்டுப் போனாரே, அவருதான்," என்றார் பக்கத்து மேசை டெஸ்டர் அக்கா. "நல்ல மனுஷன்."

"மனுஷன் நல்லவர்தான். கையெழுத்துதான் தலையெழுத்தா இருக்கு."

முதலில் அதைப் பன்னிரண்டு சின்ன ஃபங்ஷனாக வெட்டினார். ஒவ்வொன்றுக்கும் அழகாகப் பெயர் வைத்தார்.

"ஒத்தை அறை வீட்டுக்குப் பன்னிரண்டு வாசல் வெச்ச மாதிரி இருக்கு. நான் எதுல நுழையறது?" என்றார் அக்கா.

"படிச்சாலே புரியும்க்கா."

கதவுக்குப் புரியவில்லை. வெட்டி ஒட்டியதில் வரிசை மாறிவிட்டது. தண்ணீர் கேன் போடுகிறவரை அட்டையே இல்லாமல் உள்ளே விட்டது. டீ குடித்துவிட்டு வந்த மேலாளரை வெளியே நிறுத்தியது. அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று போன் செய்தார்.

"நான் இங்க வேலை பார்க்கிறேனா இல்லையான்னு உங்க கதவைக் கேட்டுச் சொல்லுங்க."

சுத்தக்காரர் பதறிப்போய் வரிசையைத் திருப்பினார். மேலாளர் உள்ளே வந்துவிட்டார். அதன்பிறகு ஒருவராலும் வெளியே போக முடியவில்லை. அக்கா பழைய நிரலை ஏற்றி எல்லோரையும் காப்பாற்றினார்.

சாயங்காலத்துக்குள் ஒருவழியாக எல்லாம் நேரானது. கதவு ஒழுங்காகத் திறந்தது, மூடியது. ஆனால் பெரிய துண்டு மட்டும் பதினொன்றில் முரண்டு பிடித்தது. யானை நுழைந்துவிட்டது, வால் மாட்டிக்கொண்டது.

மிச்சமிருந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. குறிப்பிட்ட ஓர் அட்டை எண் வந்தால், காலையில் வேலைக்கு வந்து நுழையும் நேரம் முடிந்த பிறகும் இருபது நிமிடம் கதவு திறக்க வேண்டும். ஏன் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது.

"பாருங்க உங்க நல்ல மனுஷன் வேலையை," என்றார். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "வேண்டப்பட்டவனுக்குத் தனிச் சட்டம். யாருக்கா இந்த மாப்பிள்ளை?"

"அழிக்கிறதுக்கு முன்னாடி யாரோட எண்ணுன்னு ஒரு தடவை பாருங்களேன்."

"யாரா இருந்தா என்ன? எல்லாருக்கும் ஒரே சட்டம். நானும்தான் தினம் பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு வர்றேன். என்னை ஒருநாளாவது இந்தக் கதவு தடுத்திருக்கா? திட்டம் போட்டுக் கிளம்பணும்க்கா. நாளையிலேருந்து மாப்பிள்ளை வெளியில நிக்கட்டும்."

அழித்தார். பத்து. திரை பச்சையானது. அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் புதுச் சட்டை. மகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, வழக்கம்போல நிதானமாக வந்து அட்டையைக் காட்டினார். சிவப்பு. சட்டையில் துடைத்து மறுபடி காட்டினார். அதே சிவப்பு. கண்ணாடி வழியாக மீட்டிங் அறை தெரிந்தது. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காவலாளி மெதுவாக நடந்து வந்தார்.

"கதவு கெட்டுப்போச்சு போலிருக்குங்க," என்றார் சுத்தக்காரர்.

"கதவு நல்லாத்தான் இருக்கு சார். காலையில வேலைக்கு வர்ற எல்லாருக்கும் ஒன்பதரைக்கே மூடிடும். உங்களுக்கு மட்டும்தான், பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு வர்றீங்கன்னு, அந்தப் பழைய சார் இருபது நிமிஷம் தள்ளிப் போட்டு வெச்சிருந்தாரு."