டேப்போடு வந்த கையெழுத்து

டேப்பை உரித்ததும் கையெழுத்தும் கூடவே வந்துவிட்டது.

பாலீஷ்காரர் டேப்பைப் பார்த்தார். விமானத்தின் கதவைப் பார்த்தார். மறுபடியும் டேப்பைப் பார்த்தார். கறுப்பு மையில் ஜோராக ஓடிய எழுத்தெல்லாம் இப்போது பசைப் பக்கம் அலங்கோலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கதவில் மிச்சம் ஒரு புள்ளியும் அரைச் சுழியும்தான்.

"மாப்ளே!" என்று அலறினார்.

விமானத்தின் வயிற்றுக்கு அடியிலிருந்து மச்சான் எண்ணெய்க் கையோடு ஊர்ந்து வந்தான். மனைவியின் ஒரே தம்பி. இந்த விமானக் கொட்டகையில் மெக்கானிக்காகச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. சிவனே என்று கார்களுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்த மனுஷனை, "இதுவும் கார்தான் மாமா, ரெண்டு றெக்கை கூட, அவ்ளோதான்" என்று இழுத்து வந்த புண்ணியவான் அவன்தான்.

"ஐயையோ, என்ன மாமா இது? டாக்டர் இதை மட்டும்தானே பத்திரம் பத்திரம்னு சொல்லிட்டுப் போனாரு!"

"பத்திரமா இருக்கணும்னுதான்டா டேப்பே ஒட்டினேன்!"

விமானத்தின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். அவர் முதன்முதலாகத் தன்னந்தனியாகப் பறந்து இறங்கிய அன்று, பறக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் கதவில் போட்ட கையெழுத்து அது. அதை நாலு பேரிடம் காட்டாவிட்டால் டாக்டருக்குச் சோறு இறங்காது. வருஷா வருஷம் வாத்தியாரின் பிறந்தநாளன்று அவரை ஏற்றிக்கொண்டு வானத்தில் ஒரு சுற்று சுற்றி வருவார். அந்தப் பிறந்தநாள் இன்றைக்கு. சாயங்காலம் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள்.

"இதுல ஒரு கீறல் விழுந்தாலும் நீ வேற இடம் பாத்துக்கன்னுட்டாரு மாமா. நான் வேற, எங்க மாமா கை பட்டா எல்லாம் தங்கம்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"உன்னை யார்றா சொல்லச் சொன்னது?"

பாலீஷ்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். மச்சானுக்கு வேலை போனால் நேராக அக்கா வீட்டுக்குத்தான் வருவான். போன தடவை வேலை போனபோது வந்தவனைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கூடத்து சோபா இன்னும் அவன் படுத்த வடிவத்திலேயே பள்ளமாக இருக்கிறது.

"டேப்பை அதே இடத்துல வெச்சு அழுத்துங்க மாமா, எழுத்து திரும்பப் போயிடும்" என்றான் மச்சான்.

அழுத்தினார். எழுத்து போகவில்லை, பசைதான் போனது. தின்னரைத் தொட்டுப் பசையைத் துடைத்தார். புள்ளியும் அரைச் சுழியும் சேர்ந்து போய், அந்த இடம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறிவிட்டது.

"அதுக்கென்ன, மெஷின் இருக்கே" என்று பாலீஷ் மெஷினை ஓட்டினார். வெளிறிய இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. காலையிலிருந்து உயிரைக் கொடுத்துத் தேய்த்திருந்த மிச்சக் கதவு அதன் பக்கத்தில் அழுது வடிந்தது. சரி என்று கதவு முழுக்கத் தேய்த்தார். இப்போது கதவு மட்டும் வேறு விமானத்திலிருந்து கழற்றி மாட்டியது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கிலிருந்து வால் வரைக்கும் அந்தப் பக்கம் பூராவும் தேய்த்து, மேலே மெழுகும் பூசினார். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"அப்போ அந்தப் பக்கம், மாமா?"

"ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல எவனும் பாக்க முடியாது. வாயை மூடு!"

மச்சானால் அது மட்டும் முடியாது. "எழுதிடலாம் மாமா" என்றான்.

"எதை?"

"கையெழுத்தைத்தான்."

"அடப்பாவி, கள்ளக் கையெழுத்துடா அது!"

"பேங்க்லயா போடப் போறோம்? கதவுலதானே!"

வேலைக்குச் சேர்ந்த அன்று மச்சான் விமானத்தோடு செல்ஃபி எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தான். பிறகு அவன் போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. படம் அக்காவிடம்தான் இருக்கும். அவளிடம் கேட்டால் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வேறு வழியில்லை, சொன்னார்.

"என் தம்பி பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!" போனில் அவள் போட்ட சத்தத்தில் கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. "ஒரு டேப்பை ஒழுங்கா உரிக்கத் துப்பில்ல!"

"மிச்சத் திட்டை வீட்டுக்கு வந்து வாங்கிக்கறேன். முதல்ல படத்தை அனுப்பு, தாயே!"

இரண்டு படம் வந்தது. ஒன்றில் மச்சானின் தலை கையெழுத்தின் முன்பாதியை மறைத்தது. இன்னொன்றில் அவன் காது பின்பாதியை மறைத்தது.

"உன் மூஞ்சிக்கு எதுக்குடா இவ்ளோ இடம்?"

இரண்டையும் ஒட்டுப்போட்டு, அட்டைப்பெட்டி நிறைய எழுதிப் பழகினார். கை ஒருவழியாகப் படிந்தது. ஆனால் கதவில் பேனாவை வைத்தால் மை நிற்கவில்லை, முத்து முத்தாகத் திரண்டு வழிந்தது. மெழுகு பூசியது அவரேதான், யாரைத் திட்டுவது? கொஞ்சம் மெழுகை வழித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். முக்கால்வாசி அச்சு அசலாக வந்தது. கடைசி வளைவில் மச்சான் தும்மினான்.

கையெழுத்தின் வால் ஒரு விரல் நீளத்துக்கு எகிறிப் போனது.

"சனியனே!"

துணியை எடுப்பதற்குள் வெளியே கார் வந்து நின்றது. மச்சான் விமானத்துக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான்.

"வாங்க சார், வாங்க!" டாக்டர் வாத்தியாரைக் கைபிடித்து நேராகக் கதவுக்குத்தான் அழைத்து வந்தார். "பாத்தீங்களா உங்க கையெழுத்தை? இத்தனை வருஷத்துல ஒரு கோடு மங்கியிருக்கா?"

வாத்தியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் குனிந்தார். எழுத்தைப் பார்த்தார். எகிறிப்போன வாலைப் பார்த்தார். அப்புறம் நிதானமாகப் பாலீஷ்காரரின் மை அப்பிய விரல்களைப் பார்த்தார். பாலீஷ்காரர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சோபாப் பள்ளம் கண் முன்னால் வந்து நின்றது.

"என்ன சார், பேச்சே வரலையா?" என்றார் டாக்டர்.

"வரலைப்பா" என்றார் வாத்தியார்.

டாக்டர் பூரித்துப்போய் அந்தப் பக்கக் கதவைத் திறக்கப் போனார்.

வாத்தியார் பாலீஷ்காரரின் தோளில் கையைப் போட்டு, காதோரம் குனிந்து சொன்னார்:

"போன வருஷம் போட்டவனைவிட நீங்க நல்லாவே போட்டிருக்கீங்க, தம்பி."