நிற்கிற டிக்கெட்டும் என் மடக்கு நாற்காலியும்

அன்பும் அறிவும் எதற்கும் சிரிக்காத முகமும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மனைவிக்கு அண்ணனாகப் பிறந்த ஒரே குற்றத்துக்காக உங்களிடம் மாட்டிக்கொண்டவன் எழுதுவது. இடுப்பைத் தவிர நான் நலம். உங்கள் நலம் போனில் நீங்கள் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது.

உங்கள் மகள் அந்த ராக் கோஷ்டியை நேரில் பார்த்தே தீருவேன் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததும், "மாமா கூட்டிட்டுப் போயி பாத்துட்டு எழுதட்டும், அவர் வேணாம்னா இந்தப் பேச்சே இனி வீட்ல எடுக்கக் கூடாது" என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னதும் நினைவிருக்கும். என்னைவிட்டால் நியாயஸ்தன் கிடையாது என்பதை இத்தனை வருஷம் கழித்தாவது கண்டுபிடித்தீர்களே, சந்தோஷம்.

டிக்கெட்டை வாங்கிப் பார்த்தால் நிற்கிற டிக்கெட்டாம். காசு கொடுத்து நிற்பதற்கு பஸ் போதாதா? நாற்காலி வாடகைக்கு விட்டே பேர் வாங்கியவன் நான். ஊரில் பெரிய மனுஷன் எவனும் என் நாற்காலியில் உட்காராமல் பெரிய மனுஷன் ஆனதில்லை. கடையிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நின்றவன் "பெரியவரே, இதெல்லாம் உள்ள விட முடியாது" என்றான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தேன், பாருங்கள், சல்யூட் அடித்து உள்ளே விட்டான். "அவன் சல்யூட் அடிக்கல மாமா, தலையில அடிச்சுக்கிட்டான்" என்றாள் உங்கள் மகள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்.

சரி, இசைக்கு வருவோம். தலைமுடி மட்டும் தெரிந்த ஒருவன், சொத்துத் தகராறில் பங்காளியைச் சாத்துகிற மாதிரி டிரம்மைச் சாத்தினான். பாடகன் பல் டாக்டரிடம் போக வேண்டியவன், வழி தவறி மேடைக்கு வந்துவிட்டான் போல. நான் கௌரவமாக உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பின்புறங்கள், அதுவும் உட்காரவே தெரியாமல் ஆடிக்கொண்டிருந்த பின்புறங்கள். தொழில்காரன் வயிறு எரியாதா? கொஞ்சம் எக்கிப் பார்க்கலாமென்று எழுந்தேனோ இல்லையோ, பக்கத்துப் பிள்ளைகள் என் பெருமை தெரிந்து "தாத்தாவுக்கு வழி விடுங்கடா!" என்று என்னை நாற்காலியில் திரும்ப அமுக்கி, நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள்! தலைக்கு மேல் தலை, கை மாறிக் கை மாறி, பல்லக்கு மாதிரி மேடையை நோக்கிப் போகிறேன், கீழே கூட்டத்தை இடித்துக்கொண்டு உங்கள் மகள், "எங்க மாமாவ எறக்குங்கடா! இடுப்பு! அவருக்கு இடுப்பு சரியில்ல!" என்று கத்திக்கொண்டே ஓடி வருகிறாள். பாடகன் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில், "ஐயா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றான். மைதானமே அலறியது. நான் இரண்டு கையையும் உயர்த்தியது இறக்கச் சொல்லித்தான். ஆடினேன் என்று எவனாவது வீடியோ காட்டினால் நம்ப வேண்டாம்.

திரும்பி வரும்போது உங்கள் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "அவங்கள ஒழுங்காவே பாக்கல மாமா, ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அப்பாவுக்காவது நல்லபடியா எழுதுங்க." நியாயஸ்தன் உறவு பார்க்க முடியுமா? சத்தம், வியர்வை, நெரிசல், உட்கார இடமில்லை. ஆகவே இனி அவளை அனுப்ப வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

தங்கைக்கு என் அன்பு, மருமகளுக்கு என் ஆசி, இரண்டும் போக ஏதாவது மிஞ்சினால் உங்களுக்கு.

இப்படிக்கு,
இடுப்பில் பட்டை போட்டுக்கொண்டு,
உங்கள் மைத்துனன்.

பி.கு.: அடுத்த மாதம் அதே கோஷ்டி பக்கத்து ஊருக்கு வருகிறது. நிற்கிற டிக்கெட் இரண்டு வாங்கிவிட்டேன். மகளை அனுப்பி வைக்கவும். இந்த முறை அவள் நிம்மதியாகப் பார்க்கட்டும், கீழே ஓடுகிற வேலை என்னுடையது. நாற்காலி எடுத்து வர மாட்டேன். அன்றைக்கு என்னை மேடையில் இறக்கிவிட்ட பிறகு மிச்சக் கச்சேரி முழுக்கப் பாடகன் அதில்தான் உட்கார்ந்து பாடினான், இனி அது வாடகைக்கும் கிடையாது. இதைப் படித்துவிட்டு நீங்கள் தலையில் அடித்துக்கொண்டால், எனக்கு சல்யூட் வைத்ததாகவே எடுத்துக்கொள்வேன்.