மேலிருந்து கீழே போன வீடியோ

புவியீர்ப்பு விசையைக் கொண்டு போட்டோ அனுப்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். றக்வான டவுனுக்கு மேலே, பஸ்ஸே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும்போது தராசில் சாக்கு மாட்டுவது அவர் வேலை. தோட்டம் முழுக்க அவரைச் 'சேந்துருச்சு அண்ணன்' என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயர் செக்ரோல் என்கிற ஆள் பதிவுப் புத்தகத்தில் இருந்தது. அதை மாதாமாதம் எழுதிய கிளாக்கர் நான். எனக்கே இப்போது ஞாபகம் இல்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும், மழை இருட்டினால் அதுவும் போய்விடும். கல்யாணப் படமோ சாவு வீட்டு வீடியோவோ, எதுவானாலும் ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்கு வயரில்லாமல் அனுப்பினால்தான் உண்டு. அதற்கான வசதி எல்லாருடைய போனிலும் இருந்தது, பொறுமைதான் ஒருவரிடமும் இல்லை. புளூடூத்தைப் போட வேண்டும், வைஃபையைப் போட வேண்டும், அப்புறம் பார்த்தால் அடுத்த போனின் பெயரே வராது. அண்ணனுக்கு மட்டும் எப்படியோ வரும். பெண்கள் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது அவருடைய ஒரு கையில் சாக்கு இருக்கும், இன்னொரு கையில் யாராவது ஒருவருடைய போன் இருக்கும். படம் போய்ச் சேர்ந்ததும் எதிர் மலைக்குக் கேட்கிற மாதிரி "சேந்துருச்சு" என்று கத்துவார்.

ஆனால் அண்ணனிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. எங்கள் லயங்களுக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, தண்ணீர் மலை உச்சி ஊற்றிலிருந்து பைப் வழியாகத் தானாக இறங்கி வரும். படமும் அப்படித்தான் வரும் என்று அவர் நம்பினார். "மேல இருந்து கீழதாங்க வரும். கீழ இருந்து மேல ஏத்துனா பாதியில நின்னுரும்" என்பார். அனுப்புகிற போனைச் சாக்குக் குவியலின் உச்சியில் வைப்பார், வாங்குகிற போனைக் கவிழ்த்த வாளியில் வைப்பார். இரண்டுக்கும் நடுவே யாரும் நடக்கக்கூடாது, பேசவும் கூடாது. கீழ் லயத்துப் பெண் ஒருத்தி மேல் லயத்துச் சம்பந்திக்குப் படம் அனுப்ப வேண்டும் என்றாள். அவளை மேல் லயத்துக்கும் மேலே, தொட்டி மேடு வரை ஏற வைத்து அனுப்பினார். இறங்கி வந்தவள் என்னிடம் மூச்சிரைத்துக்கொண்டே சொன்னாள்: "பாவி மனுசன் முட்டிய கழட்டிட்டாரு. ஆனா சேந்துருச்சுங்கய்யா."

ஒருநாள் கொழுந்து லொறியின் சிங்கள டிரைவர் தன் மகளின் கல்யாணப் படங்களைக் கணக்கப்பிள்ளைக்கு அனுப்ப வேண்டும் என்று வந்தார். கணக்கப்பிள்ளை தன் போனைக் கொடுத்துவிட்டு, கொழுந்து பறிக்கிறவர்களை மேற்பார்க்க மலைக்குப் போய்விட்டார். "மாத்தயா, உடின் தியன்ன" என்று, மேலே வைக்கச் சொல்லி அண்ணன் கெஞ்ச, டிரைவர் தன் போனை லொறியின் கூரைமேல் வைத்தார். அண்ணன் கீழே குந்தி, கணக்கப்பிள்ளையின் போனைப் பைப்புக்கு அடியில் குடம் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். டிரைவர் தொப்பியைக் கழற்றி, மூச்சுக் காட்டாமல் நின்றார்.

நான் ஆபீஸ் கதவுக்குப் பின்னால் ஒளிந்து வீடியோ எடுத்தேன். சும்மா எடுத்திருந்தாலும் பரவாயில்லை, கிரிக்கெட் வர்ணனை மாதிரி பேசித் தொலைத்தேன். "பைப்ப தொறந்தாச்சு. தண்ணி வருது. விஞ்ஞானி குடத்தோட ரெடியா இருக்காரு." அதற்குப் பிறகு என் சிரிப்பு. படித்தவன் என்கிற திமிர் அந்தச் சிரிப்பில் அப்படியே கேட்கும்.

அந்த வாரம் தோட்டத்தில், மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்து நடந்தது. நான் எடுத்த படங்களை எல்லாரும் கேட்டார்கள். அண்ணனுக்கு அனுப்பிவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார் என்று, அவசரத்தில் மொத்தத்தையும் தெரிவுசெய்து அனுப்பிவிட்டேன். கூத்துப் படங்களோடு அந்த வீடியோவும் போய்விட்டது.

அண்ணன் மற்றவர்களுக்குப் போகிற எதையும் திறந்து பார்க்க மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "தபால்காரரு காயிதத்த பிரிச்சுப் பாத்தா நல்லாருக்குங்களாய்யா?" என்றார். அதனால், தான் எதைச் சுமக்கிறோம் என்று தெரியாமலே, மூன்று நாளாக வீட்டுக்கு வீடு என் கேலியைத் தன் கையாலேயே கொடுத்து முடித்தார். ஒவ்வொன்றுக்கும் சந்தோஷமாகச் 'சேந்துருச்சு' வேறு.

நான்காம் நாள் நிறுவை நேரத்தில், வரிசையிலிருந்து யாரோ என் குரலில் "பைப்ப தொறந்தாச்சு" என்றார்கள். வரிசை முழுவதும் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். எதற்கு என்று தெரியாமல், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தார். நான் ஆபீசுக்குள் போய்ச் செக்ரோலைத் திறந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லி நிறுவைப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் அவரே ஆபீசுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, மேசைக்கு எட்டத்தில் நின்றார்.

"ஐயா, அந்த வீடியோவ ஒரு புள்ள தொறந்து காட்டுச்சுங்க."

நான் மேசையைப் பார்த்தேன்.

"மக கொழும்புல கார்மெண்ட்ஸ்ல நிக்கிறா. நீங்க நடமாடுற மாதிரி ஒரு படம் அனுப்புங்கப்பான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. என்னைய யாரும் எடுத்ததில்லைங்க. இதுல நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க சிரிக்கிற சத்தத்த மட்டும் எடுத்துவிட முடியுங்களாய்யா? அவ கேட்டா மனசு கஷ்டப்படுவா. நாளைக்குக் காலையில ஒருத்தரு கொழும்புக்குப் போறாரு, அவரு போன்ல குடுத்து விடணும்."

சத்தத்தை எடுக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு நாற்காலியில் ஏறி என் போனை அலுமாரியின் உச்சியில் வைத்தேன். அவருடைய போனை வாங்கித் தரையில் வைத்தேன். குறுக்கே வந்த சின்னக் கிளாக்கரைக் கை நீட்டித் தடுத்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. ஆனால் அனுப்பும்போது பேசக்கூடாது.

"சேந்துருச்சுங்கய்யா" என்றார் அண்ணன், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். நான் வாய் திறப்பதற்குள் நிறுவைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் தினமும் பார்த்தோம், ஆனால் நான் கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் வேலையை விட்டுப் பலாங்கொடைக்கு வந்துவிட்டேன்.

றக்வானப் பக்கம் பஸ் ஏறுகிற வாசகர் யாராவது இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் அவரிடம் கொடுக்க வேண்டும். யாருக்கோ போகிற காகிதம் என்று நினைத்துப் பிரிக்க மாட்டார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். இது உங்களுக்கே வந்ததுதான் அண்ணே, பிரிச்சுப் பாருங்க என்று சொல்லுங்கள்.