வாயைத் திறக்காத புதன்கிழமைகள்

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இப்படி நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கோத்தகிரி முதியோர் இல்லத்தில் நடந்த கூத்து ஒன்றைச் சொல்கிறேன். கேட்டால் குளிர் தெரியாது.

அன்றைக்கு ஜீவிதா கவலையோடுதான் பஸ்ஸை விட்டு இறங்கினாள். புதன்கிழமைதோறும் குன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்து, பெரியவர்களை வட்டமாக உட்காரவைத்து, மனம்விட்டுப் பேசவைப்பது அவள் வேலை. குழு சிகிச்சை என்று அதற்குப் பெயர். ஆனால் மாதக்கணக்கில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அன்று நிர்வாகி ராஜசேகர் பார்க்க வருகிறார். அவர் முன்னால் யாரும் பேசாவிட்டால் குழுவையே மூடிவிடுவார். அதைச் சொல்லிப் பெரியவர்களைக் கலவரப்படுத்த அவளுக்கு மனசில்லை.

"மனசுல என்ன பாரம் இருந்தாலும் சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி," என்றார் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அழகர்சாமி. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஜீவிதா ஒரு பந்தை எடுத்தாள். "இது யார் கைக்கு வருதோ அவங்க பேசணும்."

நெருப்பாய்ச் சுட்டதுபோலப் பந்து கைமாறிப் பறந்தது. கடைசியில் ஆண்டாயிப் பாட்டி அதைக் கம்பளிக்குள் செருகிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"ஆண்டாயிம்மா, பந்து எங்க?"

"எந்தப் பந்து?"

சரி என்று ஜீவிதா மொறுமொறு வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள். "ஒரு வார்த்தை பேசினா ஒரு வர்க்கி!"

"குளிருதுங்க," என்று ஒன்றை எடுத்தார் அழகர்சாமி.

"ஆமா," என்று ஆண்டாயி ஒன்றை எடுத்தாள்.

பொட்டலம் காலி. ராஜசேகர் உள்ளே நுழைந்தபோது நறநறவென்று மெல்லும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"இதுதான் சிகிச்சையா? அடுத்த வாரத்துலருந்து நீ வர வேண்டாம்மா."

ஜீவிதா பையை எடுத்தாள். மென்றுகொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன.

"யார வர வேணாங்கிறீங்க தொர?" ஆண்டாயி எழுந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அதிகாரி என்றாலே அவளுக்குத் துரைதான். கம்பளியிலிருந்து பந்து விழுந்து உருண்டது. "ராவுல நாய் கொலைச்சாக்கூட எம்மகன் வந்துட்டானோன்னு எந்திரிச்சு ஒக்காருறேன். இத நாயிகிட்டயா சொல்லச் சொல்றீங்க?"

"ஏனுங்க, எம்பொண்டாட்டி போன அன்னிக்கே நான் அழுவுலீங்க," என்றார் அழகர்சாமி. "இந்த அம்மிணிகிட்ட ஒருநா அழுதுக்கலாம்னு வெச்சிருக்கறேன். நீங்க மூடிப்போட்டா?" சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அப்புறம் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். மருமகள், போன் எடுக்காத பேரன், சாவு பயம்! ராஜசேகர் இடையில் புகப் பார்த்தார், முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"சரிங்க, சரிங்க! நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் நடக்கட்டும்!"

அழகர்சாமி அழுத முகத்தோடு விசில் அடித்தார். ஜீவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவும் மனசுல வெச்சுக்கிட்டு இத்தனை நாளா ஏன் பேசல?"

இப்போது எல்லோருமே ஆண்டாயியைப் போலக் கூரையைப் பார்த்தார்கள். டீ கொண்டுவந்த சமையற்கட்டுத் தெய்வம்மாதான் சொன்னாள்:

"போன வருசம் முட்டிவலிக்குப் பயிற்சி குடுக்க ஒரு நல்ல புள்ள வந்துச்சுங்க. எல்லாருக்கும் வெரசா நல்லாயிப் போச்சு, வேல முடிஞ்சுதுன்னு அதை அனுப்பிப்போட்டாங்க. நீங்களாச்சும் போயிரக் கூடாதுன்னுதான் ஒருத்தரும் வாயத் தொறக்காம இருந்தாங்க!"

உங்கள் வீட்டில் பேச ஆளும் கேட்க ஆளும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா.