மூச்சு தோஷம் பார்க்கப்படும்

மராட்டிய மண்ணில், லோஹேகாவ் அடுக்குமாடிக் குடியிருப்புத் தமிழர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மகான் கிடைத்தார். பெயர் வாயுசித்தர். பக்கத்துக் கோர்படியில் பல வீடுகளைச் சுத்தம் செய்துவிட்டு வருகிறாராம். காற்றைச் சுத்தம் செய்வாராம். பர்ஸையும் சுத்தம் செய்தாரா என்று அந்த வீட்டுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

கிளப் ஹவுஸில் நிற்க இடமில்லை. போன மாதம் இதே ஹாலில் பள்ளிக்கூட ஆசிரியை ப்ரீதி, ஊர்க் காற்று கெட்டுப்போனதைப் பற்றிப் பேசினார். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் ஏசிக்காக வந்தவர். டீச்சரையும் சொல்லணும். திரை முழுக்க இங்கிலீஷும் வரைபடமும். புரியாதவர் எழுந்து போனார், புரிந்தவர் தூங்கினார். வாயுசித்தரோ பச்சைத் தமிழில் ஆரம்பித்தார். "உங்க காத்துல தோஷம் இருக்கு." யாருக்குத்தான் புரியாது?

சித்தர் கையில் ஓம் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு வெள்ளைப் பெட்டி. பிராண யந்திரமாம்.

"ஜன்னல், கதவு எல்லாம் சாத்துங்க. பிராணன் தப்பிச்சுடும். எல்லாரும் வாய்விட்டு ஓம் சொல்லுங்க."

சாத்தினார்கள். சொன்னார்கள். ஆபீசில் ஆயிரம் கேள்வி கேட்கிற மென்பொருள் மூளைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஓம் போட்டன. பெட்டியில் எண் ஏறியது. அறுநூறு. ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. சிவப்பு விளக்கு!

"ஐயோ! இந்தக் கூட்டத்துல யாரோ ஒருத்தரோட மூச்சு கெட்டுக்கிடக்கு!"

சித்தர் வரிசையாகப் பார்த்தார். எல்லாருக்கும் ஒரு கை தள்ளி நீட்டிய பெட்டியை, ஆம்பூர்க்காரர் முகமது ரஃபீக்குக்கு மட்டும் மூக்கடியில் வைத்தார்.

"பேரு? ஊரு? வேலை? விவரமா சொல்லுங்க."

பாவம், மனிதர் விவரமாகச் சொன்னார். பெட்டி கீச்சென்று அலறியது.

"இவர்தான்! இவர் இங்க குடியிருக்கற வரைக்கும் உங்களுக்கு நல்ல காத்து கிடையாது."

சங்கத் தலைவர் ரவிசந்திரன் தொண்டையைக் கனைத்தார். "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லவர்தான். மூச்சுதான் சரியில்லையாம். மாசக் கடைசிக்குள்ள ஃப்ளாட்டைக் காலி பண்ணிடுங்க."

"சார், பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதறா. இந்த ஊர்ல பேரைக் கேட்டுட்டே எத்தனை பேர் வீடு இல்லைன்னாங்க தெரியுமா? இப்ப மூச்சு விட்டாலும் குத்தமா?" என்று கேட்டார் ரஃபீக்.

பின்சுவருக்கு அப்பால் குப்பை எரிந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு தோஷமும் இல்லை போலிருக்கிறது.

ப்ரீதி எழுந்தார். "ஒரு சந்தேகம் சாமி. தோஷம் பாய்கிட்டதானே? அவர் வெளிய போனா நம்பர் இறங்கணுமில்ல?"

"கண்டிப்பா இறங்கும்!"

ரஃபீக்கை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். மறுபடி ஓம். எண் ஆயிரத்து எழுநூறு.

சித்தர் இருமினார். "இன்னொருத்தர் ஒளிஞ்சிருக்கார்."

"அப்ப ஒவ்வொருத்தரா அனுப்பிப் பாத்துடலாம்," என்றார் ப்ரீதி.

பஜனைக் குழுத் தலைவி தர்மாம்பாள் போனார். எண் இறங்கவில்லை. "அப்பவே நினைச்சேன், இவர்தான்!" என்று பார்கவி தன் புருஷன் ஸ்ரீவத்சனையே பிடித்துத் தள்ளினாள். இறங்கவில்லை. அவளும் போனாள். "நான் தலைவருங்க!" என்று பெட்டியின் முன்னால் கத்திய ரவிசந்திரனுக்குச் சிவப்பு விளக்கே எரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரஃபீக்குக்குத் துணையாகப் பாவிகள் பெருகினார்கள். வாட்ச்மேன் மராத்தியில் "காய் ஜாலா?" என்று ஓடிவந்தார். என்ன ஆச்சு என்று கேட்டவரிடம் ஆளாளுக்குத் தன் மூச்சு சுத்தம் என்று சத்தியம் செய்தார்கள்.

கடைசியில் ப்ரீதியும் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே சித்தரும் பெட்டியும்.

"இப்ப நீங்க மட்டும்தான் சாமி. ஊதுங்க!"

சித்தர் பெட்டியை ஒரு கை தள்ளிப் பிடித்தார். "வாய்கிட்ட! வாய்கிட்ட!" என்று கூட்டம் கதவைத் தட்டியது. சாபம் கொடுப்பதற்காகப் பெட்டியை முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டே மகான் வாயைத் திறந்தார். பெட்டி அலறியது. சிவப்பு!

ப்ரீதி உள்ளே போய் எல்லா ஜன்னலையும் திறந்தார். ரஃபீக்கைக் கூப்பிட்டு ஹால் நடுவில் உட்காரவைத்தார். எண் மளமளவென்று இறங்கியது. ஓம் ஸ்டிக்கரை உரித்தார். அடியில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

"நாம எல்லாரும் வெளிய விடற மூச்சுல இந்த வாயு இருக்கு. ரூமைச் சாத்திட்டுக் கத்தினா சேர்ந்துபோகும். ஜன்னலைத் திறந்தா வெளிய போயிடும். அவ்வளவுதான்."

"அட, போன மாசமே இப்படிச் சொல்லியிருந்தா உட்கார்ந்து கேட்டிருப்பேனே டீச்சர்!" என்றார் தர்மாம்பாள்.

சித்தர் அதற்குள் பெட்டியைக்கூட விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துவிட்டார்.

"பாய், வாங்க ஒரு டீ சாப்பிடலாம்," என்று ரவிசந்திரன் அசடு வழிந்தார்.

"டீ இருக்கட்டும் சார். வீட்டைக் காலி பண்ணணுமா, வேண்டாமா? இத்தனை பேர் முன்னாடிதானே சொன்னீங்க. இத்தனை பேர் முன்னாடியே சொல்லுங்க."

"வேண்டாம் பாய். இருங்க," என்றார் தலைவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

படித்தவர்களே! நாளைக்கு ஒருவன் வேறு பெட்டியோடு வருவான்; பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டுவான். மூளையைக் கழற்றி வைக்காமல், முதலில் அவனை ஊதச் சொல்லுங்கள்.