ஐந்தாவது வரி

மதிவாணன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்தான். அது பொங்குவதற்குள் மாமியார் அகிலாண்டம் வந்து தீயைக் குறைத்தார். மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பியதும் நிறுத்தினான். குளித்தான். தட்டின் முன்னால் உட்கார்ந்தான். நாலு இட்லி கேட்டான். ஆறு வந்தது.

"நாலு போதும் அத்தை."

"வானதி சொல்லிட்டுப் போயிருக்கா மாப்ள. உங்க வயிறு வாடக் கூடாதுன்னு."

ஆறையும் சாப்பிட்டான்.

வானதி அவன் மனைவி. போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த எட்டாம் நாள் டெங்குவில் போய்விட்டாள். அந்த நேரத்தில் மதிவாணன் பக்கத்தில் இல்லை. பிளேட்லெட் வாங்க ரத்த வங்கி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். கட்டிலருகே இருந்தது அகிலாண்டம் மட்டும். "'அவரைப் பாத்துக்கம்மா'ன்னு சொன்னா, கண்ண மூடிட்டா" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து தன் ஊருக்குப் போன அகிலாண்டம், மறுநாளே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். மகள் சொல்லிவிட்டுப் போன வேலை இருக்கிறது என்றார்.

அப்போது அது இரண்டே சொல்தான். மார்கழியில் அதோடு கம்பளிக் குல்லாய் சேர்ந்தது. சித்திரையில் மோர் சேர்ந்தது. ஆடியில் நிலவேம்புக் கஷாயம். ஆவணியில், சுவாமிமலைப் பக்கம் ஒரு வரன் இருக்கிறது, அதையும் வானதிதான் பார்க்கச் சொன்னாள் என்று வந்தது. மதிவாணன் ஒருநாள் அத்தனையையும் வரிசையாகச் சொல்லிக் கடிகாரத்தில் நேரம் பார்த்தான். பதினொரு நிமிஷம் ஆயிற்று. வானதிக்கு அப்போது ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது.

அன்று ட்ரோன் போகும் நாள்.

அது அவனும் வானதியும் சேர்ந்து வாங்கியது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறிவிட்டதா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம் என்பது திட்டம். ஒரு வருஷமாக அலமாரியின் மேல்தட்டில், பையைக்கூடத் திறக்காமல் இருந்தது. சட்டை எடுக்கப் போனால் கண்ணில் பட்டது. அதனால் மதிவாணன் அலமாரிப் பக்கம் போவதை விட்டுவிட்டுக் கொடியில் காய்ந்த இரண்டு சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். இன்னும் பத்து நாளில் தலைத்திவசம். அதற்குள் அது வீட்டைவிட்டுப் போயாக வேண்டும்.

எட்டு மணிக்கு ஜாஹித் பைக்கில் வந்து இறங்கினார். அய்யம்பேட்டைக்காரர். கல்யாண வீடியோ எடுப்பவர். அவருடைய ட்ரோன் போன மாதம் ஒரு விருந்தில் பிரியாணி தேக்சாவுக்குள் விழுந்துவிட்டது.

"மூடி தொறந்திருந்துச்சு சார். தம் போட்டிருந்தா தப்பிச்சிருக்கும்" என்றார். "ஞாயித்துக்கிழமை நிக்காஹ் இருக்கு. இன்னிக்குப் பறந்து காட்டிட்டா கையோட எடுத்துட்டுப் போயிடறேன். இல்லன்னா பட்டுக்கோட்டையில ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். விழுந்ததா இது?"

"இல்ல."

"அடிபட்டதா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் சார் குடுக்கறீங்க?"

"சட்ட எடுக்கணும் பாய்."

ஜாஹித் புரிந்ததுபோலத் தலையாட்டினார்.

பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கும்போது அகிலாண்டம் பின்னாலேயே வந்தார்.

"மாப்ள, அதத் தொடச்சீங்களா?"

"தொடச்சாச்சு அத்தை." முந்தின ராத்திரி பேட்டரியைச் சார்ஜ் போட எடுத்தபோதே, தூசி படிந்திருந்த பையைத் துடைத்திருந்தான்.

"அது இல்ல மாப்ள, வானதி…"

"சாப்பிட்டேன் அத்தை."

கொஞ்ச மாதங்களாக அகிலாண்டம் எதை ஆரம்பித்தாலும் அவன் இந்தப் பதிலைத்தான் சொல்லிவந்தான். பெரும்பாலும் பொருத்தமாகவே இருந்தது.

களத்தில் பக்கத்து வயல்காரர் பக்கிரி குறுவை நெல்லைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். ஓர் ஓரமாக நெல் குவியல் கிடந்தது. அந்தப் பக்கம் வாய்க்கால். அதற்கப்பால் கண்ணுக்கெட்டின மட்டும் சம்பா நடவு. மரம் இல்லை, கம்பம் இல்லை.

பைக்குள் ஓர் அட்டை இருந்தது. வானதியின் கையெழுத்தில் ஏழு வரிகள். எப்போதும் அவள் ஒவ்வொன்றாகப் படிப்பாள், இவன் செய்வான். இன்று இவனே படித்தான்.

ஒன்று, இறக்கை நாலும் இறுக்கமா? இறுக்கம். இரண்டு, பேட்டரி உப்பியிருக்கிறதா? இல்லை. மூன்று, மெமரி கார்டு. இருந்தது. நான்கு, மூக்கு அந்தப் பக்கம், வால் நம்ம பக்கம். அப்படியே வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி வந்து நின்றான்.

ஐந்து, கண் சுத்தமா? எதிரில் தடை இருக்கிறதா, கீழே தரை வந்துவிட்டதா என்று பார்க்க அதற்கு முன்னால் இரண்டு, அடியில் இரண்டு சின்னக் கண்கள் உண்டு. அந்த வரி மட்டும் வானதி பொறுப்பு. துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு "ஆச்சு" என்பாள். இவன் ரிமோட்டைப் பார்த்தபடியே டிக் போடுவான். இன்றும் ரிமோட்டைப் பார்த்தபடியே டிக் போட்டான்.

ஆறாவது ஜி.பி.எஸ். அது கிடைப்பதற்கு முன்னால், திசை மறந்துவிட்டது, காட்டு என்றது ட்ரோன். மதிவாணன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றினான்.

"என்ன தம்பி, ஆத்மப் பிரதட்சணமா?" என்றார் பக்கிரி.

"திசை காட்டறேன்."

"அதுக்கே தெரியாதா? அவ்வளவு வெல குடுத்து வாங்கிருக்கீங்க."

ஏழாவது, ஆள், மாடு, கரண்டுக் கம்பி. பக்கிரியைத் தள்ளி நிற்கச் சொன்னான்.

ட்ரோன் எழும்பியது. தலை உயரத்துக்கு வந்து ஆடாமல் நின்றது. ஜாஹித்தின் முகம் மலர்ந்தது. மதிவாணன் முன்னால் தள்ளினான். நகரவில்லை. 'முன்னால் தடை' என்றது திரை.

முன்னால் வயல் இருந்தது. வயலில் ஒரு கொக்கு இருந்தது. மதிவாணன் கொக்கைப் பார்த்தான். கொக்கு பறந்து போயிற்று. தடை போகவில்லை.

"திருப்பிப் பாருங்க சார்."

வாய்க்கால் பக்கம் திருப்பினான். அங்கேயும் தடை. கிழக்கே தடை. மேற்கே தடை. பின்பக்கமாகத் தள்ளிப் பார்த்தான். சரசரவென்று போயிற்று.

"பின்னாடியேதான் போகுமா?"

"இன்னிக்கு அப்படிப் போகுது."

ஜாஹித் யோசித்தார். "மாப்பிள்ளை ஊர்வலத்த அப்படித்தான் எடுக்கணும். மாப்ள முன்னாடி வருவாரு, நாம பின்னாடி போயிக்கிட்டே இருக்கணும். அது பரவால்ல. திரும்பி வருமா?"

வீட்டுக்குத் திரும்பு என்று ஒரு பொத்தான் உண்டு. மதிவாணன் அதை அழுத்தினான். கிளம்பின இடத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பும். வழியில் தடை இருந்தால் அது முடிகிற உயரம் வரை ஏறி, தாண்டி வரும். அதுதான் அதற்கு விதி. ட்ரோன் முகத்தைத் திருப்பியது. தடையைப் பார்த்தது. ஏற ஆரம்பித்தது.

நாற்பது மீட்டர். தடை முடியவில்லை. எழுபது. முடியவில்லை. நூற்றிருபதுக்கு மேல் போகக் கூடாது என்று மதிவாணன் முன்பே வரம்பு கட்டியிருந்தான். அங்கே போய் நின்றது. இரண்டு பருந்துகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

ஜாஹித் திரையை எட்டிப் பார்த்தார். "கொள்ளிடம் வரைக்கும் தெரியுது சார். ஆனா பொண்ணு மாப்ள தெரியணுமே."

பொத்தானை ரத்துசெய்து, வாலை முன்னால் வைத்து, பின்னோக்கியே இறக்கிக்கொண்டு வந்தான். பேட்டரி முப்பது. களத்துக்கு மேலே வந்தது. இறங்கியது. முழங்கால் உயரத்தில் நின்றது. 'இது இறங்கத் தகுந்த தரை அல்ல' என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே போயிற்று.

"என்ன சொல்லுது?" என்றார் பக்கிரி.

"தரை சரியில்லையாம்."

"எங்க அப்பாரு காலத்துலேர்ந்து நெல்லு காயற களம் தம்பி. இதுக்குச் சரியில்லையாமா?"

ஜாஹித் தார்ப்பாயை விரித்தார். பிடிக்கவில்லை. பக்கிரி துடைப்பம் கொண்டுவந்து ஒரு பாய் அளவு இடத்தைப் பெருக்கினார். பிடிக்கவில்லை. தூசி அடங்கட்டும் என்று தண்ணீர் தெளித்தார். தரை பளபளத்தது. ட்ரோன் இப்போது முழங்கால் வரைகூட வராமல் இடுப்பு உயரத்திலேயே திரும்பிக்கொண்டது. பேட்டரி பதினைந்து.

"பட்டுக்கோட்டைக்காரனுக்கு ஒரு போன் போட்டு வைக்கிறேன்" என்றார் ஜாஹித், மெதுவாக.

அப்போது அகிலாண்டம் வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். கையில் கிரைண்டர் துடைக்கிற ஈரத்துணி.

"கீழ இறக்குங்க மாப்ள. ஒரு வாட்டி தொடச்சு விட்டுடறேன்."

"கிட்ட வராதீங்க அத்தை. விரல் போயிடும்."

"தொடச்சுட்டா சரியாயிடும் மாப்ள. அவ சொல்லிட்டுப் போயிருக்கா."

மதிவாணன் ரிமோட்டிலிருந்து தலையைத் தூக்கினான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது.

"எத்தனைதான் அத்தை சொல்லிட்டுப் போனா? குல்லா போடச் சொன்னா, மோரு குடிக்கச் சொன்னா, சுவாமிமலைக்குப் போகச் சொன்னா. பதினொரு நிமிஷம் ஆவுது அத்தை. நான் நேரம் பாத்துட்டேன். இப்ப ட்ரோனத் தொடைக்கவும் சொன்னாளா?"

ட்ரோன் இரைந்துகொண்டிருந்தது. பேட்டரி எட்டு.

அகிலாண்டம் கோழியை அமுக்குகிற மாதிரி குறிபார்த்து, ஈரத்துணியை அதன் மேல் வீசினார்.

துணி இறக்கையில் சுற்றிக்கொண்டது. ட்ரோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நெல் குவியலில் போய் மல்லாக்க விழுந்தது. இரண்டு பிடி நெல்லை வாரி இறைத்துவிட்டு அடங்கியது.

ஜாஹித் போய் முதலில் பேட்டரியைக் கழற்றினார். தொழில் தெரிந்தவர். பிறகு துணியைப் பிரித்தார். "ரெண்டு பிளேடு போச்சு சார். வேறொண்ணும் இல்ல. பிளேடு என்கிட்டயே இருக்கு." அடிப்பக்கத்தை முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். "சார், இங்க பாருங்க. கண்ணுல சந்தனம்."

அடியில் இரண்டு கண்களிலும், மிளகு அளவில், காய்ந்த சந்தனமும் நடுவில் ஒரு புள்ளிக் குங்குமமும் இருந்தன. திருப்பினார். முன்கண்கள் இரண்டிலும் அப்படியே.

"அதான் ஊரு பூரா சுவராத் தெரிஞ்சிருக்கு அதுக்கு" என்று கட்டைவிரலை எச்சில்படுத்தி ஒரு பொட்டைத் துடைத்தார். போய்விட்டது. "ஏம்மா, டிராக்டருக்கு வைக்கிற மாதிரி இதுக்கும் வச்சுட்டீங்களா? இனிமே ஒழுங்காப் பறக்கும் சார். நான் எடுத்துக்கறேன்."

"நான் வைக்கலப்பா" என்றார் அகிலாண்டம்.

"பின்ன யாரு?"

"அவதான். போன ஆயுத பூஜைக்கு. அரிவா, மோட்டாரு, கிரைண்டரு எல்லாத்துக்கும் வச்சா. இதுக்கு எங்க வைக்கறதுன்னு யோசிச்சு யோசிச்சு, கண்ணு இருக்குல்ல, கண்ணுக்கு மேல வைப்போம்னு வச்சா. நெத்தியே இல்ல, கண்ணுலயே ஒட்டிக்கிச்சு."

ஜாஹித்தின் கட்டைவிரல் அடுத்த பொட்டுக்கு நகர்ந்திருந்தது.

"கைய எடுங்க பாய்" என்றான் மதிவாணன்.

ஜாஹித் எடுத்தார். மூன்று பொட்டு மிச்சம் இருந்தது. மதிவாணன் ட்ரோனை வாங்கி இரண்டு கையிலும் வைத்துக்கொண்டான்.

"தெரிஞ்சும் ஏன் அத்தை சொல்லல?"

"காலையிலேர்ந்து அதத்தான சொல்லிட்டு இருக்கேன். நீங்க சாப்பிட்டேன் சாப்பிட்டேன்ங்கிறீங்க."

"காலையில இல்ல. ஒரு வருஷமா."

அகிலாண்டம் தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊரே சுத்தி நின்னு கேட்டுச்சு மாப்ள, கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னான்னு. பொணத்த நடுவுல வச்சிக்கிட்டு அதையா சொல்ல முடியும்? 'பாத்துக்கம்மா'ன்னு நானா ஒண்ணு சொன்னேன். அப்புறம் அதுபாட்டுக்கு வளந்துடுச்சு. இட்லியும் நாந்தான். குல்லாவும் நாந்தான். சுவாமிமலையும் நாந்தான். அவ சொன்னது வேற."

பக்கிரி நெல்லைக் கிளறுவதை நிறுத்தினார்.

"என்ன சொன்னா?" என்றான் மதிவாணன்.

"மாஸ்க்க விலக்கிட்டு, என்னக் கிட்ட வரச் சொல்லிச் சொன்னா. 'ட்ரோன் கண்ணுல பொட்டு இருக்கும்மா, பறக்க விடறதுக்கு முன்னாடி தொடச்சுக்கச் சொல்லு. அந்த அஞ்சாவது வரிய மட்டும் அவரு பாக்காமயே டிக் போட்டுடுவாரு.'"